நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு ஓர் உதவி வேண்டும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அப்பா போன மாதம் தவறிட்டாங்க. வயது 61. காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவங்க, அப்படியே சாய்ந்துவிட்டாங்க. அம்மா காபியோடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வரும் சனிக்கிழமை பாளையங்கோட்டை வீட்டில் நாற்பதாம் நாள் ஜெபம். மூத்த பிள்ளை என்பதால் நான்தான் ஐந்து நிமிஷம் பேச வேண்டும். அப்பாவின் வேதாகமத்தைத் திறந்தால் 90ஆம் சங்கீதத்தில் காய்ந்த குருத்தோலைச் சிலுவை ஒன்று இருக்கிறது. தொட்டாலே நார் நாராக உதிர்கிறது. அந்த ஓலை, தாளில் பழுப்பாகப் பதிந்துபோயிருக்கிறது. எத்தனை வருஷத்துக் குருத்தோலை ஞாயிறோ!

அதையே வாசிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அதன் 10ஆம் வசனம் ஆயுசு எழுபது, பலமிருந்தால் எண்பது என்கிறது. அம்மா அதைக் கேட்டுவிட்டு, "இவுகளுக்கு மட்டும் ஏன் ஒம்பது வருஷத்தக் கொறச்சுட்டாரு?" என்று அழுதாங்க. எனக்குப் பதில் வரவில்லை. நாட்களை எண்ணக் கற்றுக்கொடும் என்று இரண்டு வசனம் தள்ளி வரும் ஜெபத்தை நான் முழுசாக நம்புகிறேன். அதை அம்மா மனசு நோகாமல் எப்படிச் சொல்வது?

பெற்றவர்களை இப்படித் திடீரென்று இழந்தவர்கள், அன்றைக்கு எதை வாசித்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள். 103ஆம் சங்கீதம் பொருத்தமாக இருக்குமா? அப்புறம், அம்மாவுக்குக் கண் மங்கல். பெரிய எழுத்து வேதாகமம் பாளையங்கோட்டைப் பக்கம் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது.