சந்தேகம்: துளை போடும்போதே ஒட்டுப் பேனாக் கட்டை பிளந்துவிடுகிறது

அஸ்தம்பட்டி கத்துக்குட்டி:

வணக்கம். சிறிய மர லேத் ஒன்று வாங்கி ஆறு மாதம் ஆகிறது. பம்பரம், பூரிக்கட்டை என்று கடைந்து பழகிவிட்டு, இப்போது பேனாவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் என் பெரியப்பா முப்பது வருடம் கணக்கு எழுதினார். அவர் உட்கார்ந்து எழுதிய ஈட்டி மர மேசை ஒரு கால் உடைந்து பரணில் கிடக்கிறது. அந்தக் கால் என்னிடம் இருக்கிறது. அதே தோட்டத்தில் போன மாதம் பிடுங்கிப் போட்ட கிழட்டுக் காப்பிச் செடிகளின் அடித்தண்டும் நாலைந்து கிடைத்தது. கறுப்பையும் வெளுப்பையும் சாய்வாக வெட்டி, மாற்றி மாற்றி ஒட்டி, தை மாதம் எண்பது வயதாகும் அவருக்கு ஒரு பேனா செய்து தரலாம் என்று நினைத்தேன்.

2 செ.மீ. சதுரக் கட்டை. 45 பாகைச் சாய்வு வெட்டு. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை தடவி, கிளாம்ப் போட்டு, ஓர் இரவு விட்டேன். மறுநாள் பேனாவுக்குள் போகும் பித்தளைக் குழாய்க்காக 7 மி.மீ. துளை போடும்போது படார். இதுவரை ஐந்து கட்டைகள் போய்விட்டன. நான்கு ஒட்டில் விட்டன, ஒன்று காப்பிக் கட்டையின் நடுவிலேயே விட்டது. எந்தப் பசை வாங்கினால் பிடிக்கும்?

செவ்வாய்ப்பேட்டை சீனி:

வெள்ளைப் பசையை விட்டுவிட்டு இரண்டு டப்பாவைக் கலக்கும் எபாக்சிக்கு மாறுங்கள். எனக்கு ஒருமுறைகூட விட்டதில்லை.

கொண்டலாம்பட்டி ஆசாரி:

தம்பி, பசைக் கடைக்குக் கிளம்புவதற்கு முன் உடைந்த துண்டுகளைக் குப்பையிலிருந்து எடுங்கள். வெயிலில் வைத்து உடைந்த முகத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் மரத்தின் நார் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பசை நல்ல பசை, மரம்தான் தாங்கவில்லை. பசை முழுவதும் ஒரே பக்கம் தோலாகப் படிந்து, எதிர்ப்பக்கம் மொட்டையாக இருந்தால், அந்த மொட்டைப் பக்கம் பசையை ஏற்கவே இல்லை. இரண்டு பக்கமும் பசையே தெரியாமல் வறண்டிருந்தால், மரம் குடித்துவிட்டது, அல்லது நீங்கள் கிளாம்பை நெரித்துப் பசையை வெளியே தள்ளிவிட்டீர்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அஸ்தம்பட்டி கத்துக்குட்டி:

பார்த்தேன் ஐயா. நான்கிலும் பசை காப்பிக் கட்டைப் பக்கம் படிந்திருக்கிறது, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. ஈட்டிப் பக்கம் கண்ணாடிபோல் மினுமினுப்பு. ஐந்தாவது கட்டை வேறு மாதிரி. காப்பி மரத்துக்குள் பென்சில் நுனி அகலத்தில் ஒரு கோடு வளைந்து போகிறது, உள்ளே இடித்து அடைத்ததுபோல் மாவு. ஊசியால் குத்தினால் உதிர்கிறது.

கொண்டலாம்பட்டி ஆசாரி:

ஈட்டி எண்ணெய்ப்பசை உள்ள மரம். வைரம் பாய்ந்த துண்டு என்றால் இன்னும் அதிகம். அதோடு உங்கள் ரம்பத்தின் பல்லும் மழுங்கியிருக்கிறது, அந்த மினுமினுப்பு அதனால் வந்தது. வெட்டாமல் தேய்த்திருக்கிறது.

தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் 120 நம்பர் உப்புத்தாளை விரித்து, ஈட்டி முகத்தை நாலு இழுப்பு இழுங்கள். பிறகு வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் துடையுங்கள். துணியில் பழுப்பு நிறம் இறங்கும். அது குறையும்வரை துணியை மாற்றித் துடைத்து, ஈரம் பறந்ததும் அப்போதே ஒட்டுங்கள். நாளைக்கு என்று வைத்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். (அடுப்பு, விளக்கு பக்கத்தில் அசிட்டோன் வேண்டாம். ஈட்டித் தூள் சிலருக்கு மூக்கையும் தோலையும் அரிக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.) காப்பிப் பக்கம் சாய்வு வெட்டு என்பதால் நார் முனைகள் பசையைக் குடிக்கும். மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்துப் பத்து நிமிடம் விட்டு, இரண்டாவது பூச்சுக்குப் பிறகு சேருங்கள்.

எபாக்சிக்கு மாறச் சொன்ன சீனி சொன்னதிலும் தவறில்லை, எண்ணெய் மரத்துக்கு அது மேல். ஆனால் மினுமினுப்பான முகத்தில் அதுவும் விடும்.

எனக்கு வேறொரு கவலை. செடியைப் பிடுங்கியது போன மாதமா? பச்சை மரமா ஒட்டினீர்கள்?

நாகலூர்க்காரி:

தம்பி, அந்த மாவுக் கோடு வெள்ளைத் தண்டுத் துளைப்பான் போன பாதை. அரபிக்கா செடிக்கு அதுதான் எமன். வண்டு பட்டைப் பிளவில் முட்டையிடும், புழு தண்டுக்குள் இறங்கி மரத்தைத் தின்று, தான் வந்த வழியை மாவால் அடைத்துக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் ஓட்டை தெரியாது, பட்டையில் மேடு ஓடும், இலை பழுக்கும். நிழல் குறைந்து தண்டில் வெயில் படும் இடத்தில்தான் தாக்குதல் அதிகம். சில்வர் ஓக் மரத்தைக் கண்டபடி கழிக்க வேண்டாம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சண்டை போடுவது அதனால்தான்.

பாதித்த செடியைப் பிடுங்கி எரித்துவிடுவதுதான் தோட்டத்து வழக்கம். உங்களுக்கு வந்ததும் அப்படிப் பிடுங்கியதாகவே இருக்கும். ஒவ்வொரு தண்டையும் குறுக்கே அறுத்துப் பாருங்கள். மாவுப் புள்ளி தெரிந்தால் அடுப்பில் போடுங்கள். வண்டு வெளியே வரும் பருவம் ஏப்ரல், மே. அடுத்தது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இப்போது ஐப்பசி. தயவுசெய்து மீதித் தண்டை மலைக்குத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிடாதீர்கள்.

கொலுசுப் பட்டறை:

மரம் காய்ந்ததா என்பதை எடை சொல்லும் அண்ணா. நல்ல துண்டுகளை விரல் தடிமனுக்கு அறுத்து நிழலில் அடுக்கி, மூன்று நாளைக்கு ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். தொடர்ந்து மூன்று முறை எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது. சமையலறைத் தராசு இதற்குப் பற்றாது. எங்கள் பட்டறைத் தராசு 0.01 கிராம் காட்டும், எடுத்துக்கொண்டு வாருங்கள், நிறுத்துத் தருகிறேன். வெள்ளி நிறுக்காத நேரமாகப் பார்த்து வாருங்கள்.

சூரமங்கலம் லேத்:

துளையைப் பற்றி யாரும் பேசவில்லை. வேகத்தைக் கூட்டி, ஒரே மூச்சில் இறக்குங்கள். தயங்கினால்தான் பிளக்கும்.

கொண்டலாம்பட்டி ஆசாரி:

அண்ணாச்சி, அது இரும்புக்குப் பொருந்தலாம். ஒட்டுக் கட்டையில் தூள் உள்ளே அடைத்துச் சூடேறினால் வெள்ளைப் பசை இளகிவிடும், எபாக்சியும் அப்படியே. நிமிடத்துக்கு 500 முதல் 700 சுற்று போதும். ஒரு சென்டிமீட்டர் இறங்கியதும் அலகை வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். தொட்டுப் பார்த்துக் கை சுட்டால் நிறுத்துங்கள். கட்டையை அரை அங்குலம் நீளமாக வைத்துக்கொண்டு, அலகு மறுபக்கம் வெளியேறும் முன்பே நிறுத்தி, மிச்சத்தை அறுத்து எடுத்தால் கடைசி நிமிடப் பிளவும் வராது.

சூரமங்கலம் லேத்:

சரி, பேனா செய்தவர் சொல்கிறார், ஒப்புக்கொள்கிறேன்.

அஸ்தம்பட்டி கத்துக்குட்டி:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஐந்து தண்டில் மூன்றில் மாவுப் பாதை இருந்தது, வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டது. மீதியை அறுத்துக் கொலுசுப் பட்டறைத் தம்பியிடம் நிறுத்தேன். ஒரு துண்டு 61.40 கிராமில் தொடங்கி 52.85-ல் நின்றது. அத்தனையும் தண்ணீர்! ஈட்டியைத் துடைத்த முதல் துணி டீ வடிகட்டியதுபோல் ஆனது, நான்காவது துணியில்தான் வெளுத்தது. ஒட்டி மூன்று நாள் விட்டுத் துளை போட்டேன். பிளக்கவில்லை.

கடைசலில் ஒரு புதுத் தொல்லை. உப்புத்தாள் போட்டதும் ஈட்டியின் கறுப்புத் தூள் காப்பி மரத்தின் நாருக்குள் இறங்கி, வெள்ளைத் துண்டு அழுக்குப் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. ஆசாரி ஐயாவுக்குப் போன் செய்தேன். மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்று கொடுத்து மூடிவிட்டு, லேத்தை நிறுத்தி நீளவாக்கில் தேய்த்து, ஒவ்வொரு தாளுக்கும் நடுவே ஊதிவிடச் சொன்னார். பாதி அழுக்கு போனது. மீதி இருக்கிறது, பெரியப்பாவுக்குக் கண் அவ்வளவு தெளிவாகத் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

முனையில் மரத்தின் கனம் 1 மி.மீ.கூட இல்லை, உளி வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் ஆனதும் ஒட்டுகளில் நகம் லேசாக இடறுகிறது. பிளவு இல்லை, மெல்லிய மேடு. கெட்டுப்போய்விடுமா?

கொண்டலாம்பட்டி ஆசாரி:

கெடாது. மலைப் பனியில் காப்பி மரம் கொஞ்சம் ஊதியிருக்கிறது, ஈட்டி அவ்வளவு அசையாது. சித்திரையில் சேலத்துக்கு வந்தால் இறங்கிவிடும். தேய்க்கப் போகாதீர்கள், தேய்த்தால் வெயில் காலத்தில் அதே இடம் பள்ளமாகும். பெரியவர் என்ன சொன்னார்?

அஸ்தம்பட்டி கத்துக்குட்டி:

பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேசைக்கால் எங்கேடா?" என்றார். இப்போது மேசையைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லி, நாலாவது கால் கடைந்து தா என்கிறார். கால் இரண்டேகால் அடி, என் லேத்தில் ஒன்றரை அடிக்கு மேல் ஏறாது. ஈட்டிக்கும் எங்கே போவது?

கொண்டலாம்பட்டி ஆசாரி:

புது ஈட்டி வெட்டும் பேச்சே வேண்டாம். பழைய கட்டில் கால் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைத்தால் என் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள், நாலடி லேத் இருக்கிறது.