நான் கொடுத்த கலங்களே தம்பியின் தோலைப் பிடித்தபோது

நாங்கள் வெள்ளவத்தை. தம்பிக்கு லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய், என்பு மச்சை கொடுத்தது நான். எச்.எல்.ஏ. (உடம்பு தன் கலம் எது, பிறர் கலம் எது என்று அறியும் அடையாளப் புரதங்கள்) முழுதாகப் பொருந்தியது என்றதும் (கூடப்பிறந்தவர்களுக்குள்ளும் 25 வீதம்தான் அதற்குச் சந்தர்ப்பம்) இனிப் பயமில்லை என்றே எல்லோரும் இருந்தோம்.

மச்சை ஏற்றி 24ஆம் நாள் விடிய ஃபோன் எடுத்தான். "அக்கா, உள்ளங்கை ரெண்டும் எரியுது, மிளகாய் அரைச்ச கை மாதிரி." போய்ப் பார்த்தால் உள்ளங்கால், காதுமடல் எல்லாம் சிவப்பு. இரண்டு நாளில் வயிற்றோட்டம். தாதி ஒவ்வொரு தடவையும் சாடியில் அளந்து எழுதினார். ஜி.வி.எச்.டி. என்றார்கள், கொடுத்தவரின் கலங்கள் பெற்றவரின் உடம்பைத் தாக்கும் நோயாம்.

டொக்டர் இருந்து விளங்கப்படுத்தினார். கீமோவில் குடலின் உட்சுவர் புண்ணாக, அங்கிருந்து கிளம்பும் இரசாயனங்கள் தம்பியின் உடம்பில் மிஞ்சியிருக்கும் சில காவற்கலங்களை உசுப்பிவிடும், அவை தம்பியின் புரதத் துண்டுகளை என்னுடைய ரி கலங்களுக்கு (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளைக் கலங்கள்) காட்ட, அந்த ரி கலங்கள் அந்நியன் என்று நினைத்துப் பெருகித் தோல், குடல், ஈரல் மூன்றையும் தாக்கும். எச்.எல்.ஏ. பொருந்தினாலும் மற்றப் புரதங்கள் ஆளுக்காள் வேறு. முக்கியமாக ஆண்களின் வை நிறமூர்த்தத்தால் வரும் புரதங்கள் பெண்ணான எனக்கு இல்லை. நான் மகனைச் சுமந்தவள் வேறு, அப்போதே என் கலங்கள் அவற்றைக் கண்டு விழித்திருக்கலாமாம். அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை.

"அந்த ரி கலங்களை வடித்துவிட்டுக் கொடுத்திருக்கலாமே டொக்டர்?" என்று மறுநாள் கேட்டேன். அப்படிச் செய்தால் இது குறையும், ஆனால் லுக்கேமியா திரும்புவது கூடும், ஒளிந்திருக்கும் புற்றுக்கலங்களைத் தேடிக் கொல்வதும் இதே ரி கலங்கள்தான் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் மனம் ஆறியது. ஸ்டீரொய்ட் ஏற்றி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்லோஸ்போரின் மருந்தைத் தொடர்ந்து, ஒரு கிழமையில் சிவப்பு வாடி உள்ளங்கைத் தோல் வெங்காயச் சருகு போல உரிந்தது. இப்போது பொழுதுபட்ட பிறகுதான் கடற்கரைக்கு நடக்கப் போவான், வெயில் பட்டால் தோலில் மறுபடி கிளம்பக்கூடும். கொடுத்தவர்கள் வேறு யாரும் இருந்தால் எழுதுங்கள்.

அக்கா, நீங்கள் எழுதியதைப் பார்த்து எழுதுகிறேன், நான் கொட்டாஞ்சேனை. என் அண்ணாவுக்கு மச்சை கொடுத்தேன். அவருக்கு முதல் 100 நாளும் ஒன்றுமில்லை, எட்டாம் மாதம்தான் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல், வாய் காய்ந்து சோறு இறங்கவில்லை. கண் டொக்டரிடம்தான் முதலில் ஓடினோம், அதில் மூன்று கிழமை போய்விட்டது. நாள்பட்ட ஜி.வி.எச்.டி. இப்படியும் வருமாம். கண், வாய் காய்ந்தாலே என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்த டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.