பழைய படத்தில் பின்னால் நிற்பது எந்த ரயில்?

லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் நண்பர் ஒருவர், தன் அப்பா கோட்டு போட்டுக்கொண்டு அந்த ஊர் ஸ்டேஷனில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படத்தை அனுப்பியிருந்தார். பின்னால் ஒரு டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில், லண்டன் சுரங்க ரயில் தடங்களில் ஒன்று அது. படம் 1974 என்று அம்மா சொல்கிறாராம். இல்லை, அதற்கு ரொம்ப முன்னால் என்பது பெரியப்பாவின் கட்சி.

இந்த மாதிரிப் படம் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது கூரையைத்தான். கறுப்பு வெள்ளையில் வண்ணம் உதவாது, கூரை கைவிடாது. அப்பாவின் தோளுக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள் சேரும் இடம் நன்றாகவே விழுந்திருந்தது. ஒன்றின் கூரையில் நடுப்பகுதி மட்டும் மேடாக எழும்பியிருக்கிறது. பக்கத்துப் பெட்டிக்கு வழவழப்பான வளைந்த கூரை, பக்கச்சுவர் கீழே வரவரப் பாவாடை மாதிரி வெளியே விரிகிறது. வெளிப்படியில் யாரும் தொற்றிக்கொண்டு போகக்கூடாது என்பதற்காகச் செய்த வடிவம் அது.

பார்த்ததும் எனக்கு ஒரே உற்சாகம். கியூ ஸ்டாக்! (அங்கே ஒவ்வொரு ரக ரயிலையும் ‘ஸ்டாக்’ என்பார்கள்.) 1923இல் வந்த பெட்டியையும் 1938 காலத்துப் பெட்டியையும் ஒரே ரயிலில் கோத்து ஓட்டிய கதம்பம் அது. பின்னால் வந்த ஆர் ஸ்டாக்கிலும் விரிந்த சுவர் உண்டு, ஆனால் அதில் மேட்டுக்கூரை கலந்து வராது. கியூ ஸ்டாக் 1971இலேயே ஓய்வு பெற்றுவிட்டது. ஆக, 1974 ஆக வழியே இல்லை. பெரியப்பா பக்கம்தான் நியாயம்.

குறுகலான ஆழ்சுரங்க ரயில் என்றால் நான் பார்க்கும் இடம் வேறு: ஓட்டுநர் அறைக்குப் பின்புறம். அங்கே பயணிகள் ஜன்னலே இல்லாமல், காற்றுப் போக வரிவரியாகப் பிளவு வைத்த சுவர் நீண்டிருந்தால் ஸ்டாண்டர்ட் ஸ்டாக். 1923 முதல் 1934 வரை கட்டியவை. மின்கருவிகளெல்லாம் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருந்தன. அடுத்து வந்த 1938 ஸ்டாக் என்ற ஆழ்சுரங்க ரயிலில் அவற்றைத் தரைக்கு அடியில் கொண்டுபோய்விட்டார்கள், அந்த இடமும் பயணிகளுக்கே கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த ரயில் அதுதான். 1988 வரை லண்டன் சுரங்கங்களில் ஓடியது, அப்புறம் இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் இருக்கும் வைட் தீவில் 2021 ஜனவரி வரை உழைத்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி அறுபதுகளின் லண்டன் படங்கள் இருந்தால், ஸ்கேன் செய்யும்போது ஆளை மட்டும் வைத்து ஓரங்களை வெட்டிவிடாதீர்கள். கூரையும் சக்கரப் பக்கமும் தெரிகிற மாதிரி முழுப்படத்தையும் போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.