4,000 ரூபாயில் எதை முதலில் சரிசெய்வது?

பூ வியாபாரம் செய்யும் என் அம்மா விடியற்காலையில் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்வர, 2012ஆம் ஆண்டு மாடல் ஸ்கூட்டர் ஒன்றை 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். காப்பீடு எடுத்தது போகக் கையில் 4,000 மிச்சம்.

பத்துப் பன்னிரண்டு முறை உதைத்தால்தான் வண்டி கிளம்புகிறது. கிளப்பும்போது இழுக்கும் சோக்கை விட்டதும் அணைந்துவிடுகிறது. வேகமாக ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. பிளக்கில் பொறி நன்றாக வருகிறது. ஆறு மாதம் ஓடாமல் நின்ற வண்டி என்பதால், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் பைலட் ஜெட்டில் (எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சிறு துளை) பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்து அடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். மெக்கானிக்கோ கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். பாதிப் பணம் அதற்கே போய்விடும். ஜெட்டை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்து பலன் கண்டவர்கள் இருக்கிறீர்களா?

அதைவிடப் பெரிய கவலை பின் டயர். அதில் 1416 என்று பொறித்திருக்கிறது. அதாவது 2016ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் தயாரானது. பக்கவாட்டில் வெடிப்புகள் தெரிகின்றன. மழை ஈரத்தில், பூக்கூடையோடு அம்மாவை இதில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. டயரையும் பிரேக் ஷூவையும் முதலில் மாற்றிவிட்டு, கார்புரேட்டரை நானே சுத்தம் செய்யலாமா? மதுரையில் நியாயமான விலைக்குப் புது டயர் கிடைக்கும் இடம் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.