பழைய சைக்கிள், பின்னால் 2 வயதுக் குழந்தை: இந்த இரண்டில் எதை எடுக்கலாம்?

கேட்டவர்:
வணக்கம். வேலைக்குப் போகவும், போகிற வழியில் மகளைக் காப்பகத்தில் விடவும் ஒரு பழைய சைக்கிள் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் 6 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம், நடுவில் ஒரு மேம்பாலம். மகளுக்கு 2 வயது, எடை 12 கிலோ.

பார்த்ததில் இரண்டு மனதில் நிற்கின்றன. ஒன்று 21 கியர் மவுண்டன் பைக், முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன், பார்க்கப் புதுசு மாதிரி இருக்கிறது, கேரியர் கிடையாது, தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்கிறார் விற்பவர். இன்னொன்று பார் இல்லாத இரும்புச் சைக்கிள். கியர் இல்லை, கனம் அதிகம், அங்கங்கே துரு, ஆனால் கேரியர், செயின்கார்டு, மட்கார்டு எல்லாம் இருக்கின்றன. இதை ஓட்டிப் பார்க்கும்போது கேரியரில் ஒரு கனமான பையைக் கட்டிக்கொண்டு போனேன். கொஞ்சம் வேகம் எடுத்ததும் ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் படபடவென்று ஆட ஆரம்பித்துவிட்டது. பையை இறக்கிவிட்டு ஓட்டினால் ஆட்டமே இல்லை. இது ஃப்ரேமிலேயே உள்ள கோளாறா, சரி செய்யக்கூடியதா? பேசாமல் மவுண்டன் பைக்கையே எடுத்துவிடலாமா? பின்னால் குழந்தை உட்காரப் போகிறாள் என்பதால் அரைகுறையாக எதுவும் செய்ய மனமில்லை.

கோட்டம்:
மவுண்டன் பைக்கை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பின் சஸ்பென்ஷன் உள்ள ஃப்ரேமில் பின்பாதி தனியாக ஏறி இறங்கும். பெரும்பாலான குழந்தைச் சீட்டுகளின் கையேட்டிலேயே அந்த மாதிரி ஃப்ரேமில் மாட்டக்கூடாது என்று போட்டிருப்பார்கள். சாதாரண கேரியரைப் பிடித்து முடுக்கச் சரியான இடமும் அதில் இருக்காது. 21 கியர் இருப்பதால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, ஒரு மேம்பாலத்துக்கு இறங்கித் தள்ளினாலும் போதும்.

ஆட்டத்துக்கு வருவோம். பாரம் பின்னால் ஏறினால் முன் சக்கரத்தின் மேல் அழுத்தம் குறையும், ஹேண்டில் லேசாகத் தெரியும், அது எல்லாச் சைக்கிளிலும் உண்டு. பார் இல்லாத ஃப்ரேம் பக்கவாட்டில் கொஞ்சம் கூடுதலாகவே நெளியும். ஆனால் ஒரு பையை ஏற்றியதற்கே படபடவென்று ஆடுகிறது என்றால் எங்கோ ஏதோ லூசாக இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். முதலில் கேரியரைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் பலமாக ஆட்டுங்கள், ஃப்ரேமோடு சேர்ந்து ஆட வேண்டும், தனியாக ஆடினால் போல்ட்டுகளைப் பாருங்கள். அடுத்து பின் ரிம்மைப் பிடித்து இடமும் வலமுமாகத் தள்ளுங்கள், டக் டக்கென்று அசைந்தால் இருசில் கோன் (உள்ளே உருளும் பால்ஸை, அதாவது இரும்புக் குண்டுகளை, அழுத்திப் பிடிக்கும் நட்டு) தளர்ந்திருக்கிறது. அப்புறம் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திக்கொண்டே சக்கரத்தைச் சுற்றி வாருங்கள், ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே விறைப்பில் இருக்க வேண்டும், பின் சக்கரம்தான் முழுப் பாரத்தையும் தாங்கப் போகிறது என்பதால் இதை அவசரமில்லாமல் செய்யுங்கள். கடைசியாக முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹேண்டில் கழுத்தில் ஒரு விரலை வைத்திருங்கள், அங்கே இடைவெளி இருந்தால் விரலுக்குத் தெரியும். டயரில் காற்று குறைந்திருந்தாலும் இந்த ஆட்டம் கூடும்.

இரட்டையர் அப்பா:
நான் என் பிள்ளைகளை ஏற்றிப் போனவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன் சகோதரி. பார் இல்லாத சைக்கிள் என்பதே உங்களுக்குப் பெரிய சாதகம். பின்னால் குழந்தைச் சீட்டு இருக்கும்போது காலைத் தூக்கிப் பின்பக்கமாகப் போட்டு ஏற முடியாது, முன்னால் காலை நுழைத்துத்தான் ஏறவேண்டும், பார் இருந்தால் ஒவ்வொரு தடவையும் சைக்கிளைச் சாய்க்க வேண்டிவரும். சிக்னலில் சட்டென்று இரண்டு காலையும் தரையில் ஊன்ற முடிவதும் முக்கியம். உங்கள் சீட்டை அதற்கேற்ற உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையின் கால் பின் சக்கரக் கம்பிக்குள் போவதுதான் எனக்கு இருந்த பெரிய பயம், அப்படி மாட்டினால் காயம் மோசமாக இருக்கும். சீட்டில் பக்கத் தடுப்பும் கால் பட்டையும் இருக்க வேண்டும், தூரம் குறைவு என்று நினைத்து ஒருநாளும் பட்டையைப் போடாமல் கிளம்பாதீர்கள். உங்கள் சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருந்தால் அதையும் மூடிவிடுங்கள். பின்னால் இருக்கிற குழந்தையின் கை நேராக அங்கேதான் போகும், நீங்கள் உட்காரும்போது விரல் நசுங்கிவிடும். சைட் ஸ்டாண்டு இருந்தால் இரட்டைக்கால் ஸ்டாண்டாக மாற்றுங்கள். மாற்றினாலும் குழந்தையை உட்காரவைத்துவிட்டுக் கையை எடுக்கக் கூடாது.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. மறுபடி போய்ப் பார்த்தேன். கேரியரின் ஒரு பக்கக் காலில் போல்ட்டே இல்லை, கம்பியால் கட்டியிருக்கிறார்கள். பின் ரிம்மும் டக் டக்கென்று அசைகிறது. கம்பிகள் பரவாயில்லை, ஹேண்டில் கழுத்தில் இடைவெளி தெரியவில்லை. கேரியரில் 25 கிலோ என்று பொறித்திருக்கிறது. தன்னிடம் ஒரு பழைய குழந்தைச் சீட்டு சும்மா கிடக்கிறது, அதையும் தருகிறேன் என்கிறார் விற்பவர். இன்னொரு சந்தேகம், ரிம் பளபளவென்று வெள்ளியாக இருக்கிறது, பிரேக் பிடித்தால் மெதுவாகத்தான் நிற்கிறது. கட்டையை மாற்றினால் போதுமா?

கோட்டம்:
அப்படியென்றால் ஆட்டத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கம்பிக்கட்டை அவிழ்த்துச் சரியான போல்ட் போடச் சொல்லுங்கள், தளராத நட்டோடு. கோனை முடுக்கிய பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று இருந்தால் பால்ஸும் கோனும் தேய்ந்துவிட்டன, அவற்றை மாற்ற வேண்டும், பெரிய வேலை இல்லை. 25 கிலோ என்பது சீட்டும் குழந்தையும் சேர்த்து. சீட்டே 4 கிலோ வரை வரலாம், ஆக உங்களுக்கு இப்போது 16 கிலோதான், மகள் வளரவும் இடம் இருக்கிறது. உங்கள் கைப்பையை அதே கேரியரில் மாட்டினால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிரேக் விஷயத்தில் ஒரு காந்தம் எடுத்துப்போய் ரிம்மில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு ரிம், ஒட்டாவிட்டால் அலுமினியம். முலாம் பூசிய இரும்பு ரிம்மில் மழை ஈரம் பட்டால் பிரேக் பிடிப்பு ரொம்பவே குறைந்துவிடும், நல்ல கட்டை போட்டாலும் ஓரளவுக்குத்தான் சரியாகும். அலுமினிய ரிம்முக்கு மாற்றுவதுதான் சரி, குறைந்தது முன் சக்கரத்துக்காவது, ஏனென்றால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். மாற்றும்போது ரிம்மின் அளவு பழைய டயருக்கும், கம்பித் துளைகளின் எண்ணிக்கை பழைய ஹப்புக்கும் (சக்கரத்தின் நடுக்குடம்) பொருந்துகிறதா என்று பாருங்கள். இந்தச் செலவைச் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

பழைய செயின்:
அந்த இனாம் சீட்டை வாங்க வேண்டாம் என்பேன். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பட்டை கோத்திருக்கும் துளையைச் சுற்றி விரிசல் விட்டிருக்கும். எத்தனை கிலோ வரை என்ற எழுத்து அழியாமல் இருந்து, கையேடும் இருந்தால் மட்டும் யோசியுங்கள். பின்சீட்டுகளில் பெரும்பாலும் 9 முதல் 22 கிலோ என்று இருக்கும். ஹெல்மெட்டைப் பழையதாக வாங்கவே கூடாது, ஒருமுறை அடிபட்ட நுரை வெளியே காட்டிக்கொடுக்காது.

துருவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மேல்துரு தேய்த்தால் போய்விடும். பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருக்கிறதா, ஹேண்டில் கழுத்தும் கீழ்க் குழாயும் சேரும் இடத்தில் முடி மாதிரிக் கோடு ஓடுகிறதா, ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) பின்னால் வளைந்திருக்கிறதா, இவைதான் பயப்பட வேண்டியவை. அதில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள், குழந்தையை ஏற்றுகிற சைக்கிளில் ஃப்ரேமை ஒட்டவைத்து ஓட்டுவது கூடாது. சீட் குழாயை உருவிப் பாருங்கள், வரவே வராமல் இறுகியிருந்தால் உங்கள் உயரத்துக்கு மாற்ற முடியாது. செயினை ஸ்கேல் வைத்து அளக்கலாம், ஒரு ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கும் ஆணியின் நடுவரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும், 1/8 கூடியிருந்தால் ஃப்ரீவீல் பல்லையும் சேர்த்துப் பாருங்கள். பெடல் அச்சுக்கு அடியில் ஃப்ரேம் எண் இருக்கும். அதைச் சுரண்டியிருந்தால் வாங்காதீர்கள். வாங்கினால் அந்த எண்ணைப் போட்டு ரசீது எழுதி வாங்குங்கள்.

கேட்டவர்:
காந்தம் ஒட்டியது, இரும்பு ரிம்தான். ஃப்ரேம் எண் தெளிவாக இருக்கிறது, விரிசல், கொப்புளம் எதுவும் இல்லை, செயின் மட்டும் 1/16 தாண்டிவிட்டது. விற்பவரே கோனை முடுக்கி, கேரியருக்குப் போல்ட் போட்டுக் கொடுத்தார். அதே பையோடு ஓட்டினேன், இரண்டு கையிலும் பிடித்திருந்தால் ஆட்டம் சுத்தமாக இல்லை, ஒரு கையை எடுத்தால் லேசாகத் தெரிகிறது. ரிம், செயின் செலவைக் கழித்துக்கொள்ளவும் சம்மதித்துவிட்டார். எடுத்துவிடலாமா?

கோட்டம்:
தாராளமாக எடுங்கள். ஒரு கையில் தெரிகிற அந்த லேசான ஆட்டம் பின்பாரத்தால் வருவது, அதனால் குழந்தை இருக்கும்போது கை காட்டுவதாக இருந்தால் வேகத்தைக் குறைத்த பிறகு காட்டுங்கள். ரிம் மாற்றும் வரை மகளை ஏற்ற வேண்டாம். மாற்றியதும் 12 கிலோவுக்கு மணல் மூட்டையைச் சீட்டில் பட்டை போட்டுக் கட்டி, ஏறுவது, இறங்குவது, பிரேக் பிடிப்பது, மேம்பால இறக்கம் எல்லாவற்றையும் பழகிக்கொள்ளுங்கள். புது ரிம்மில் கம்பி கோத்த சக்கரம் கொஞ்ச நாள் ஓடியதும் தளரும், ஒருதடவை கோட்டம் எடுக்க (கம்பிகளை முடுக்கிச் சக்கரத்தின் நெளிவை நேராக்க) கொண்டுபோங்கள், கேரியர் போல்ட்டுகளையும் அப்போதே முடுக்கிவிடலாம்.