டேபிளில் தோற்றால் சிரிக்கிறேன், கணினியில் தோற்றால் எஃப்8 அழுத்துகிறேன், உங்களுக்கும் இப்படித்தானா?

உருட்டுக்கட்டை எழுதியது:

பல வருடமாகக் கணினியில் மட்டும் ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாகவே கதைக்குள் ஆடும் ஆட்டம்) ஆடி வந்தவன் நான். பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி கேமை முடித்த கையோடு நண்பர்கள் சிலர் சேர்ந்து, அதற்கு அடிப்படையான டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பை டேபிளில் பகடை உருட்டி ஆட ஆரம்பித்தோம், இப்போது வாராவாரம் நடக்கிறது. சமீபத்தில் என் ரோக் (பூட்டுத் திறப்பது, பதுங்கிப் போவது மாதிரி வேலைக்கான கதாபாத்திரம்) ஒரு கோபுர ஜன்னல் வழியாக உள்ளே நுழையப் பார்த்தான், பகடையில் 1 விழுந்தது, இருப்பதிலேயே மோசமான எண், நேராகக் காவல் தலைவனின் சாப்பாட்டு மேஜை மேலேயே போய் விழுந்தான். அதற்கப்புறம் அந்த ஆளிடம் ஏதேதோ பொய் சொல்லி, கடைசியில் அவனே எங்கள் குழுவோடு சேர்ந்து வர ஆரம்பித்துவிட்டான். ஜெயித்திருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது, இல்லையா?

ஆனால் அதே நான் வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால், ஒரு பெர்சுவேஷன் (பேசிச் சம்மதிக்க வைக்கும்) பகடை சொதப்பினாலும் கை தானாக எஃப்8-க்குப் போகிறது, கடைசியாகச் சேமித்த இடத்தை மறுபடி லோடு செய்ய. விதிகள் ஏறக்குறைய ஒன்று, இருபது பக்கப் பகடையும் அதேதான். அப்புறம் ஏன் இங்கே மட்டும் தோல்வி கசக்கிறது? லோடு செய்யாமல் ஆடினால் ருசிக்கிற மாதிரி கணினி கேம் ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.

திரைமறைவு_டிஎம் எழுதியது:

நான் ரொம்பக் காலமாக டிஎம் (டேபிளில் கதையை நடத்துபவர்) இருக்கையில் இருப்பவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் ரோக் விழுந்தபோது உங்கள் டிஎம்முக்கு அந்தக் காவல் தலைவனை உருவாக்க ஆன செலவு அரை நிமிட யோசனை மட்டுமே. கணினி கேமில் அதே காட்சி வேண்டுமென்றால் யாரோ வசனம் எழுதி, நடிகரைக் கூப்பிட்டுக் குரல் பதிவு செய்து, அசைவுகளைச் செய்து, அது மற்ற கதையைக் கெடுக்கவில்லை என்று சோதித்திருக்க வேண்டும், அதுவும் நீங்கள் தோற்பதற்கு முன்பே. பால்டர்ஸ் கேட் 3-ஐச் செய்த லாரியன் இதில் மற்றவர்களைவிட அதிகம் உழைத்திருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. இருந்தாலும் எல்லாத் தோல்விக்கும் ஒரு கிளை எழுத யாராலும் முடியாது. அதனால் பெரும்பாலும் தோல்வி என்றால் கதவு திறக்கவில்லை, அல்லது சண்டை, அவ்வளவுதான். எஃப்8 அழுத்துகிறீர்கள் என்றால் அந்தப் பக்கம் பார்க்க ஒன்றும் இல்லை என்று உங்கள் கைக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று, விதிகள் ஒன்றுதான் என்கிறீர்களே, இந்த இடத்தில் ஒன்று இல்லை. டிஎன்டியின் 2014 விதிப்புத்தகப்படி இயற்கையாக (எதையும் கூட்டுவதற்கு முன் பகடையிலேயே) 1 விழுந்தால் கட்டாயத் தோல்வி என்பது தாக்குதல் பகடைக்கு உண்டு, பூட்டுத் திறப்பது, பேசி மயக்குவது மாதிரி திறன் சோதனைக்குக் கிடையாது. திறனுக்காகப் பகடையோடு கூட்ட உங்களுக்கு +9 இருக்கிறது, பூட்டின் டிசி (தொட வேண்டிய எண்) 10 என்றால் டேபிளில் 1 விழுந்தாலும் கூட்டினால் 10, பூட்டு திறக்கும். பால்டர்ஸ் கேட் 3-இல் அங்கேயும் 1 என்றால் தோல்வி. கைதேர்ந்த ரோக்காக இருந்தாலும் பொதுவாக இருபதில் ஒரு தடவை வாசற்படிப் பூட்டிடம் தோற்பான், எரிச்சல் வராமல் என்ன செய்யும்.

நிகழ்தகவு_நிலா எழுதியது:

பகடையை நம்புகிறோமா என்பதும் இதில் இருக்கிறது. டேபிளில் உங்கள் கையாலேயே உருட்டுகிறீர்கள், எல்லோரும் பார்க்கிறார்கள், 1 விழுந்தால் யாரையும் திட்ட முடியாது. திரையில் விழும் 1 மீது எப்போதும் ஒரு சந்தேகம். சிவிலைசேஷன் கேமை உருவாக்கிய சிட் மெயர் 2010 ஜிடிசி (கேம் உருவாக்குபவர்களின் மாநாடு) உரையில் இதைப் பற்றியே பேசினார்: சண்டையில் மூன்றுக்கு ஒன்று சாதகம் என்று காட்டிவிட்டு ஆட்டக்காரர் தோற்றால் அது அநியாயமாகத் தோன்றுகிறது, கணக்கில் நாலில் ஒரு தடவை தோற்க வேண்டும் என்று தெரிந்தாலும். இதனால் பல கேம்கள் நம்மைச் சமாதானப்படுத்துகின்றன. ஃபயர் எம்ப்ளம் என்ற கேம் வரிசையில் பல பாகங்களில் இரண்டு எண்களை எடுத்துச் சராசரி பார்ப்பதால், அடி விழும் வாய்ப்பு 75% என்று திரையில் காட்டுவது உண்மையில் 87% பக்கம் வரும். பால்டர்ஸ் கேட் 3-இலும் கர்மிக் டைஸ் என்று ஒன்று இருக்கிறது, தொடர்ந்து சொதப்பாமல் பார்த்துக்கொள்ளும். நீங்கள் தொடாவிட்டால் அது ஆன் ஆகவே இருக்கும். நான் முதல் வேலையாக அதை அணைப்பேன். எனக்கு ஆறுதல் வேண்டாம், பகடை வேண்டும்.

இருபது பக்கப் பகடையே கொஞ்சம் முரட்டுத்தனமானது. எந்த எண்ணுக்கும் அதே 5%, நடுவில் குவிவதே இல்லை. இரண்டு ஆறுபக்கப் பகடை உருட்டும் அபோகலிப்ஸ் வேர்ல்டு (2010) வகை டேபிள் ஆட்டங்களைப் பாருங்கள்: 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை வெற்றி ஆனால் ஒரு விலையோடு, 6 அல்லது அதற்குக் கீழே வம்பு. கூட்டல் எதுவும் இல்லாவிட்டால் 36-இல் 15 வாய்ப்பு அந்த நடுப்பகுதிக்கே போகிறது. காரியம் நடக்கும், கூடவே ஒரு தலைவலியும் வரும் என்பதே அங்கே சகஜமான பதில். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் பகடையோடு வளர்ந்தவர்களுக்கு முதலில் கொஞ்சம் குழப்பமாக இருக்கும், அப்புறம் திரும்பிப் போக மனசு வராது.

எஃப்8_ரசிகர்_மன்றம் எழுதியது:

எல்லோரும் என்னமோ எஃப்8 அழுத்துவது பாவம் மாதிரி பேசுகிறீர்கள். டேபிளில் நான் நாலு பேரோடு இருக்கிறேன், அவர்கள் சிரிப்பதுதான் பாதி சுகம். கணினி முன்னால் நான் தனி ஆள், நூறு மணி நேரம் போடப் போகிறேன், ஒரு துணைக் கதாபாத்திரத்தின் கதை பாதியில் செத்துப்போவதை எதற்குச் சகித்துக்கொள்ள வேண்டும்? எனக்குக் கணினியில் பிடித்ததே வேறு: பில்ட் போடுவது (கதாபாத்திரத்தின் திறன்களைத் திட்டமிட்டுச் சேர்ப்பது), மந்திரங்களை அடுக்குவது, ஒரே சண்டையை மூன்று விதமாக ஆடிப் பார்ப்பது. டேபிளில் இதைச் செய்தால் டிஎம் எழுந்து போய்விடுவார். இரண்டும் ஒரே சுகத்தைத் தர வேண்டும் என்று எதற்கு எதிர்பார்க்கிறீர்கள் என்பதே எனக்குப் புரியவில்லை.

உருட்டுக்கட்டை எழுதியது:

@எஃப்8_ரசிகர்_மன்றம், சண்டைக்கு நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், அங்கே நானும் லோடு செய்து வேறு வழி தேடுவேன், அதுவே ஒரு புதிர். என் குறை வசனக் காட்சிகளைப் பற்றி மட்டும்தான். @நிகழ்தகவு_நிலா, கர்மிக் டைஸ் ஆன் ஆக இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது, இன்றைக்கே அணைக்கிறேன். கேம் பரிந்துரை இன்னும் வரவில்லையே?

சாம்பல்நிறத்_தொப்பி எழுதியது:

டிஸ்கோ எலிசியம் (2019), யோசிக்கவே வேண்டாம். சண்டை முறை என்று தனியாக எதுவும் இல்லை, எல்லாமே பேச்சும் பகடையும். இரண்டு ஆறுபக்கப் பகடை. இரண்டிலும் 1 விழுந்தால் கட்டாயத் தோல்வி, இரண்டிலும் 6 என்றால் கட்டாய வெற்றி, அதனால்தான் வாய்ப்பு 3%-க்குக் கீழேயும் 97%-க்கு மேலேயும் போகாது. வெள்ளைச் சோதனையில் தோற்றால் அந்தத் திறனை வளர்த்துக்கொண்டு மறுபடி வரலாம், சிவப்பு என்றால் ஒரே வாய்ப்பு. முக்கியமான விஷயம், தோற்றதற்கு எழுதிய வரிகள் சில இடங்களில் ஜெயித்ததற்கு எழுதியதைவிட நன்றாக இருக்கும். அதனால்தான் அங்கே லோடு செய்யத் தோன்றாது. வாசிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இது இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது சிட்டிசன் ஸ்லீப்பர் (2022). காலையில் எழுந்ததும் அன்றைக்கான பகடைகள் உருண்டு கையில் இருக்கும், எந்த எண்ணை எந்த வேலைக்குச் செலவழிப்பது என்பது உங்கள் பாடு. உடல்நிலை மோசமானால் பகடையின் எண்ணிக்கை குறையும். கெட்ட எண் என்பது இங்கே அதிர்ச்சி இல்லை, பட்ஜெட் பிரச்சினை.

பால்டர்ஸ் கேட் 3-இலேயே ஹானர் மோடு போகலாமே என்று யாராவது சொல்வார்கள், ஒரே சேவ், பின்வாங்க வழி கிடையாது என்பது உண்மைதான், ஆனால் அதில் எதிரிகளும் கடுமையாகிவிடுவார்கள். வசனத் தோல்வியை ரசிக்கத்தான் வேண்டும் என்றால் சாதாரண நிலையிலேயே எஃப்8-ஐ வேறு விசைக்கு மாற்றிவிட்டு ஆடுங்கள், அது போதும்.

திரைமறைவு_டிஎம் எழுதியது:

தொப்பி சொன்ன இரண்டுக்கும் ஆமோதிக்கிறேன். அந்தச் சிட்டிசன் ஸ்லீப்பரில் வட்டம் வட்டமாக நிரம்புகிறதே, அது டேபிளில் பிளேட்ஸ் இன் தி டார்க் ஆடியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கடிகாரம்தான். ஒரு வட்டத்தை நாலு, ஆறு அல்லது எட்டுத் துண்டாக்கி "காவலர்கள் உஷார்" என்று எழுதி வையுங்கள், ஒவ்வொரு சொதப்பலுக்கும் ஒரு துண்டு நிரப்புங்கள். பூட்டு திறக்காமல் ஆட்டம் நிற்பதற்குப் பதில் பூட்டு திறக்கும், நேரம் போகும், காலடிச் சத்தம் கேட்கும். டிஎன்டி டேபிளிலும் நான் இதையே செய்கிறேன், உங்கள் டிஎம்மிடமும் சொல்லிப் பாருங்கள். தோற்றால் சுவாரசியமாக எதுவும் நடக்காது என்றால் பகடையையே கேட்காதீர்கள், திறந்தது என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போங்கள்.

உருட்டுக்கட்டை எழுதியது:

டிஸ்கோ எலிசியம் இறக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு உபகேள்வி: குழு கூடாத வாரங்களில் டேபிள் வகை ஆட்டத்தைத் தனியாக ஆட முடியுமா, டிஎம் இல்லாமல்?

நிகழ்தகவு_நிலா எழுதியது:

அயர்ன்ஸ்வோர்ன். 2018-இல் வந்தது, பிடிஎஃப் இலவசம், தனியாக ஆடுவதையும் மனதில் வைத்தே எழுதியது. ஒரு ஆறுபக்கப் பகடையோடு உங்கள் திறனைக் கூட்டி, இரண்டு பத்துப்பக்கப் பகடைகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டையும் தாண்டினால் முழு வெற்றி, ஒன்றை மட்டும் தாண்டினால் அரை வெற்றி, ஒன்றையும் தாண்டாவிட்டால் விலை கொடுக்க வேண்டும். என்ன விலை என்று தோன்றவில்லை என்றால் அதற்கும் அட்டவணை இருக்கிறது, அதில் உருட்டிக்கொள்ளலாம். பத்துப்பக்கப் பகடைகள் இரண்டிலும் ஒரே எண் விழுந்தால் கதையில் எதிர்பாராத திருப்பம் என்று ஒரு விதி வரும், புத்தகத்தில் சின்னதாகத்தான் இருக்கும், வேகமாகப் படித்துத் தாண்டிவிடாதீர்கள்.