கர்ஜத்தில் சேரும் எஞ்சின்கள்: கேமராவோடு போர் காட் மலைப்பாதைக்குப் போய்வந்த எங்கள் குழு உறுப்பினர்களின் அனுபவங்கள்

மாட்டுங்காவிலிருந்து ஓர் உறுப்பினர்:

சிறுவயதில் ஒவ்வொரு மே மாதமும் தாதரில் வண்டி ஏறித் திருநெல்வேலிக்குப் போவோம். கர்ஜத்தில் வண்டி நின்றதும் அப்பா இறங்கி வடா பாவ் வாங்கிக்கொண்டு ஓடிவருவார். சற்று நேரத்தில் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஓர் அதிர்வு கிளம்பி, பெட்டி பெட்டியாகக் கடந்து எங்கள் இருக்கை வரை வந்து குலுக்கும். “எஞ்சின் சேத்தாச்சு” என்று அம்மா சொல்வார். எங்கள் பெட்டி எப்போதும் நடுவில் இருந்ததால் அந்த எஞ்சினை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, சென்ற ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, அதைப் பார்ப்பதற்காகவே ஒரு நாள் பயணம் போய்வந்தேன்.

நாங்கள் இன்னும் வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) என்றே சொல்லும் மும்பை சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) நிலையத்திலிருந்து காலை ஏழு மணிக்குப் புணேவுக்குக் கிளம்பும் டெக்கான் எக்ஸ்பிரஸில், இரண்டாம் வகுப்பு இருக்கைப் பெட்டியில் சன்னலோரம் பதிவு செய்திருந்தேன். கண்ணாடிக் கூரை போட்ட விஸ்டாடோம் பெட்டி 2021 முதல் இந்த வண்டியில் ஓடுகிறது. அதில் காட்சி நன்றாகத்தான் தெரியும். ஆனால் திறக்க முடியாத கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எடுக்கும் படங்களில் பாதி என் முகமே பிரதிபலிக்கும் என்பது முன்பட்ட அனுபவம். கம்பிச் சன்னல்தான் கேமராவுக்கு ஏற்றது. லென்ஸைக் கம்பிகளுக்கு இடையில் வைத்துக்கொள்ளலாம், கையையும் தலையையும் வெளியே நீட்ட வேண்டியதில்லை.

கர்ஜத் மும்பையிலிருந்து சரியாக நூறு கிலோமீட்டர் என்று சொல்லலாம். அங்கிருந்து மலைமேல் இருக்கும் லோனாவ்ளா வரையிலான 28 கிலோமீட்டரில் போர் காட் பாதை ஏறத்தாழ 560 மீட்டர் உயர்கிறது. செங்குத்தான இடங்களில் 37 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏற்றம். ரயிலைப் பொறுத்தவரை இது சுவரில் ஏறுவதற்குச் சமம், ஏனென்றால் இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் கிடைக்கும் பிடிப்பு மிகக் குறைவு, மழையில் அது இன்னும் குறையும். அதனால்தான் கர்ஜத்தில் வண்டியின் வாலில் பேங்கர் எஞ்சின்களைச் சேர்த்து, பின்னாலிருந்து தள்ளச் செய்கிறார்கள். எல்லா எஞ்சின்களையும் முன்னால் கட்டி இழுத்தால் என்ன என்று நான் வெகுகாலம் நினைத்ததுண்டு. அப்படி இழுத்தால் மொத்தப் பாரமும் முதல் பெட்டியின் கொக்கியில் விழும். நடுவில் எங்காவது இணைப்பு அறுந்தால் பின்பாதி பள்ளத்தாக்கை நோக்கி உருளும். பின்னால் எஞ்சின் இருந்தால் அந்தப் பயம் இல்லை.

வண்டி நின்றதும் இறங்கி வேகமாகக் கடைசிப் பெட்டிக்கு நடந்தேன். சற்றுத் தள்ளிக் காத்திருந்த பேங்கர்கள், ஆரஞ்சு மேலங்கி அணிந்த ஊழியர் ஒருவரின் கையசைவுக்குக் கட்டுப்பட்டு, மாட்டை வண்டியில் பூட்டுவதுபோல நிதானமாக நெருங்கிவந்தன. இரண்டு படங்கள்தாம் கிடைத்தன. ஒன்று கலங்கிவிட்டது. மற்றொன்றில் அந்த ஊழியர் என்னைப் பார்த்து “பின்னால் போ” என்று கை காட்டுகிறார். அவர் சொன்னது முற்றிலும் சரி, நான் நடைமேடையின் மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றிருந்தேன். ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அந்தப் படத்தை அனுப்பியபோது, “குலுக்கல் நல்லா இருந்துச்சா?” என்று கேட்டார். நான் வெளியே நின்றுகொண்டிருந்ததால் அந்தக் குலுக்கல் எனக்குக் கிடைக்கவில்லை.

மலைப்பாதை தொடங்கியதும் அருவிகளுக்கும் சுரங்கக் குகைகளுக்கும் இடையில் கேமராவோடு போராடினேன். குகைக்குள் நுழைந்ததும் ஆட்டோஃபோகஸ் திணறும், வெளியே வந்ததும் படம் வெளுத்துப்போகும். ஆகவே ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் கையாலேயே நிலைநிறுத்திவிடுவது நல்லது. தமிழில் எழுதினால் ஏதோ யுத்தம் நடந்த காடு போலத் தோன்றும் இந்த ‘போர் காட்’ பாதை 1863-இல் திறக்கப்பட்டது. ஒப்பந்தம் எடுத்த சாலமன் டிரெட்வெல் 1859-இல் இந்தியாவுக்கு வந்த சில வாரங்களிலேயே இறந்துவிட, அவருடைய மனைவி ஆலிஸ் அந்த ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று நடத்தினார். அந்தக் குகைகளைக் குடைந்த கூலியாட்கள் நோயிலும் விபத்திலும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரையும் நான் எங்கும் படித்ததில்லை.

நான் அம்மாவோடு தொலைபேசியில் பேசியதைக் கேட்டு, எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் தமிழில் பேச்சுக் கொடுத்தார். கல்யாணில் குடியிருப்பவர், இதே பாதையில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். என் படங்களைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “தம்பி, ஏத்தத்துல எங்களுக்கு வேல கம்மி. பேங்கர் தள்ளும். எறக்கந்தான் வேல. சாயங்காலம் திரும்பும்போது மங்கி ஹில்லுல வண்டி எதுக்கு நிக்குதுன்னு பாருங்க” என்றார்.

“சிக்னலுக்காக நிற்கிறது என்றுதான் ஐயா இத்தனை நாள் நினைத்திருந்தேன்” என்றேன். அவர் சிரித்துவிட்டு, செய்தித்தாளின் ஓரத்தில் பேனாவால் கோடு கிழித்து விளக்கினார். இறங்கும் பாதையில் மங்கி ஹில் போன்ற சில இடங்களில் முக்கியத் தடத்திலிருந்து ஒரு கிளைத்தடம் பிரிந்து, மேட்டை நோக்கி ஏறிப்போய், மணற்குவியலில் முடிகிறது. இதற்கு கேட்ச் சைடிங் என்று பெயர். வழக்கமாக இப்படிப்பட்ட இடங்களில் தடம் முக்கியப் பாதைக்குத் திறந்திருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே தலைகீழ்: எப்போதும் அந்த மணல்மேட்டுக்கே திறந்திருக்கும். இறங்கிவரும் வண்டி அதற்கு முன்னால் முழுதாக நின்று, பிரேக் தன் பிடியில்தான் இருக்கிறது என்று ஓட்டுநர் காட்டிய பிறகே முக்கியப் பாதை திருப்பிவிடப்படும். பிரேக் பிடிக்காமல் ஓடிவரும் வண்டி நேரே கிளைத்தடத்தில் ஏறி, தன் வேகத்தைத் தானே இழந்து மணலில் புதைந்து நிற்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கக்கூடும் என்பதால், மின்சார எஞ்சினின் மோட்டாரையே ஜெனரேட்டர் போல இயங்கவிட்டு வேகத்தைக் குறைப்பதும் உண்டு என்றார்.

லோனாவ்ளாவில் பேங்கர்கள் கழன்றன, அவரும் இறங்கிப் போய்விட்டார். பகல் முழுவதும் அங்கே நான் செய்தவை எல்லாப் பயணிகளும் செய்பவைதாம், சொல்ல ஒன்றுமில்லை. மாலை விரைவு வண்டியில் திரும்பும்போது, மங்கி ஹில்லில் வண்டி நின்றது. நடைமேடை கிடையாது, ஏறுவாரும் இறங்குவாரும் கிடையாது. பெட்டியிலிருந்தவர்கள் குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எதிர்ச்சன்னலுக்கு இடம் மாறி, பிரதான தடத்தை விட்டு விலகிப் புல் மூடி மேலேறிப்போகும் அந்த ஒற்றைத் தடத்தைப் படமெடுத்தேன். அன்று எடுத்த இருநூற்றுச் சொச்சம் படங்களில் அச்சிட்டு மாட்டியிருப்பது அது ஒன்றுதான். வீட்டுக்கு வருபவர்கள், ரயிலே இல்லாத படத்தை ஏன் மாட்டியிருக்கிறாய் என்று கேட்கிறார்கள்.

முலுண்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

போர் காட்டைப் பற்றியே எல்லோரும் எழுதுவதால், கசாரா பக்கத்தையும் சற்றுச் சொல்ல விரும்புகிறேன். உள்ளூர் மின்ரயிலிலேயே கசாரா வரை போய்விடலாம். அதற்கு மேல் இகத்புரி வரை தல் காட் மலைப்பாதை, அதே 37-க்கு ஒன்று ஏற்றம், 1865-இல் திறந்த பாதை. வடக்கே போகும் வண்டிகளுக்குக் கசாராவில் பேங்கர் சேர்வதை, கர்ஜத்தின் நெரிசல் இல்லாமல், நடைமேடையின் கோடியில் அமர்ந்து நிதானமாகப் பார்க்கலாம். மும்பைப் பக்கம் 1,500 வோல்ட் நேர்மின்சாரமும் அப்பால் 25,000 வோல்ட் மாறுமின்சாரமுமாக இருந்த காலத்தில், இகத்புரியில் எஞ்சின் மாற்றுவதைப் பார்ப்பதற்கென்றே என் மாமா என்னை அழைத்துப்போயிருக்கிறார். அந்தப் பழைய எஞ்சின்களில் முதலைபோல் நீண்ட மூக்குடைய ஒன்று வொர்லி நேரு அறிவியல் மையத்தின் தோட்டத்தில் நிற்கிறது. மலை ஏற முடியாதவர்கள் அதையாவது போய்ப் பார்க்கலாம். மாட்டுங்கா நண்பரிடம் ஒரு கேள்வி: மழைக்கால மாலையில் மங்கி ஹில் படத்துக்கு வெளிச்சம் போதுமானதாக இருந்ததா?

செம்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் தனியாகக் கேமரா எடுத்துப் போகும் பெண் என்பதால், அருவியையும் குகையையும் விட மனிதர்களைப் பற்றியே எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கர்ஜத்தை அடுத்த பளஸ்தரி நிலையத்தில் மும்பை–புணே வண்டியான டெக்கான் குவீனுக்காகக் காத்திருந்தபோது, பணியிலிருந்த காவலர் ஒருவர் வந்து யாரைப் படமெடுக்கிறீர்கள் என்று கேட்டார். 1930 ஜூன் 1 முதல் ஓடும் வண்டி, அதற்காக வந்தேன் என்றேன். தண்டவாளத்தில் இறங்கக் கூடாது என்பதை மட்டும் இரண்டு முறை சொல்லி, என் பக்கத்திலேயே நின்று அவரும் அந்த வண்டியைப் பார்த்தார். அவர் சொன்னது வெறும் அறிவுரை அல்ல: ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. நல்ல கோணம் கிடைக்கும் என்று சொல்லிக் குகை வாய்க்கு நடந்து போகும் இளைஞர்கள் குழுவோடு நான் போவதில்லை. இந்தப் பாதையில் மழைக்காலத்தில் மலையிலிருந்து பாறையே உருண்டு விழும். அதற்கு முன்பாகத் தளர்ந்த பாறைகளைத் தேடி இறக்குவதற்கென்றே ரயில்வே ஆட்களை வைத்திருக்கிறது.

மாட்டுங்கா உறுப்பினர் மீண்டும்:

முலுண்டு நண்பருக்கு: போதவில்லை. மணி ஆறு ஆகவில்லை, ஆனாலும் மேகம் மலையை மூடியிருந்தது. கேமராவின் ஒளியுணர்திறனை (ஐ.எஸ்.ஓ.) 1600-இல் வைத்து, சன்னல் கம்பியில் முழங்கையை ஊன்றி, நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரத்துக்கு ஷட்டரைத் திறந்து எடுத்தேன். வண்டி நின்றிருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. இடதுபக்க மூலையில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள் லென்ஸில் விழுந்த மழைத்துளிகள், துடைக்க மறந்துவிட்டேன்.